ஒப்பீட்டுக் குழு

வீட்டில் பணம் இல்லை என்றால் நாம் செலவைக் குறைப்போம், அக்கம்பக்கத்தில் கைமாற்றுக் கேட்போம், ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவோம். பல்கலைக்கழகத்தில் பணம் இல்லை என்றால் முதலில் ஒரு குழு அமைப்பார்கள். அந்தக் குழு உட்காருவதற்குப் புது நாற்காலிகள் வாங்குவார்கள். நாற்காலி வாங்கியதில் பணம் இன்னும் குறைந்துவிட்டது என்பதை அந்தக் குழுவே கண்டுபிடித்து அறிக்கை கொடுக்கும்.

நான் சொல்லப்போகிற பல்கலைக்கழகம் அரசாங்கத்துடையது. பழையது, ஒரு காலத்தில் நல்ல பெயர் எடுத்தது. இருந்த பணத்தையெல்லாம் நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டியதிலும், உலகத் தரவரிசையில் மேலே ஏறுவது எப்படி என்று சொல்லித்தர வந்த ஆலோசகர்களுக்கு விருந்து வைத்ததிலும் கரைத்துவிட்டது. வளைவின் நெற்றியில் ‘அறிவே ஒளி’ என்று எழுதி விளக்குப் போட்டிருந்தார்கள். மின்கட்டணம் கட்ட முடியாமல் போனபோது முதலில் அந்த விளக்கைத்தான் அணைத்தார்கள். அடுத்ததாக ஊழியர்களிடம் வந்தார்கள்.

ஆசிரியரல்லாத பணியாளர்களைக் குறைக்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதில் ‘நீக்கம்’ என்ற சொல் எங்கேயும் இல்லை. யாரையும் நீக்கவில்லை, பணியிடங்களைத்தான் நீக்குகிறோம் என்று துணைவேந்தர் விளக்கினார். பணியிடம் போன பிறகு அதில் இருந்தவரும் வெளியே போய்விடுவது இயற்கையாக நடப்பது, அதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் வருத்தப்படுகிறவர். வருத்தப்படுவதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தார்.

அறிவிப்பைப் பார்த்துக் கலங்கியவர்களில் ஒருவர் குடுவை. வேதியியல் துறை ஆய்வகத்தில் குடுவைகளையும் சோதனைக்குழாய்களையும் கழுவி அடுக்கிவைப்பது அவர் வேலை. அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும்தான் அவருக்கே ஞாபகத்துக்கு வரும். அவருடைய மனைவி அதே வளாகத்தில் நூலகத்தில் வேலை பார்த்தாள். மாணவர்கள் எடுத்துப் போட்டுவிட்டுப் போகிற புத்தகங்களைத் திரும்ப அந்தந்த அலமாரியில் வைப்பாள். மதியம் இருவரும் நூலகத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து சாப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி உண்டு. பெரிதாக ஆசைப்படத் தெரியாத குடும்பம்.

ஊழியர் சங்கத்தின் செயலாளர் ஒரு மின்பணியாளர். நல்ல மனிதர். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் போட்டது போட்டபடி ஓடிவருவார். ஆனால் படித்தவர்களைக் கண்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முன்பு ஒருமுறை அவர் கொடுத்த கோரிக்கை மனுவைப் பதிவாளர் சிவப்பு மையால் பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்திருந்தார். அந்தக் காயம் ஆறவே இல்லை. நம்மையும் இவர்கள் ஒருநாள் சமமாக வைத்துப் பேச வேண்டும் என்பது அவருடைய ரகசிய ஏக்கம். அந்த ஏக்கம்தான் எல்லோரையும் கவிழ்த்தது.

துணைவேந்தரைப் பார்க்கப் போன தூதுக்குழுவில் குடுவையையும் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

“ஐயா, வேலை போச்சுன்னா எங்க குடும்பமெல்லாம் நடுத்தெருவுக்கு வந்துடும்,” என்றார் செயலாளர்.

“இது உங்க கருத்து,” என்றார் துணைவேந்தர்.

“கருத்து இல்லீங்க. உண்மை.”

“உண்மைக்கு ஆதாரம் வேணும் இல்லையா? இது ஒண்ணும் சந்தை இல்லை. பல்கலைக்கழகம். ஆதாரம் இல்லாத ஒரு வாக்கியத்தை நானே ஏத்துக்கிட்டா, நாளைக்கு என் மாணவன்கிட்ட ஆதாரம் எங்கேன்னு எப்படிக் கேப்பேன்? உங்க கண்ணீர் எனக்குப் புரியுது. ஆனா கண்ணீரை மேற்கோள் காட்ட முடியாதே.”

பக்கத்தில் புள்ளியியல் பேராசிரியர் இருந்தார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைச் சோதித்தே பார்த்துவிடலாமே என்றார். பணியாளர்களில் சிலருக்கு முதலில் வேலையை எடுத்துவிட வேண்டும். அவர்கள் சோதனைக் குழு. இன்னும் சிலரை அப்படியே வேலையில் விட்டுவைக்க வேண்டும். அவர்கள் ஒப்பீட்டுக் குழு. ஒரு பருவம் முடிந்ததும் இரண்டு குழுக்களின் குடும்பங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

“வேலை போனவங்க குடும்பம் நிஜமாவே கெட்டுப்போயிருந்தா, ஆட்குறைப்பை மொத்தமா கைவிட்டுடலாம். எடுத்த வேலையையும் திருப்பிக் குடுத்துடலாம். கெடலைன்னா நீங்க பயந்தது வீண்னு ஆயிடும். ரெண்டுமே நல்ல சேதிதான்.”

செயலாளர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவரிடம் ‘நெறிமுறை’, ‘மாதிரி’ என்றெல்லாம் பேசினார்கள். ‘இணை ஆய்வாளர்’ என்று அவர் பெயரையும் போடுவதாகச் சொன்னார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் மரத்தடியில் காத்திருந்தவர்களிடம் சொன்னார்:

“நாமதான் ஜெயிக்கப்போறோம். நம்ம குடும்பம் கெட்டுப்போகும்கிறதுல எனக்குத் துளிகூட சந்தேகம் இல்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். குடுவையும் தட்டினார்.

குலுக்கல் கணினியில் நடந்தது. மனிதக் கை பட்டால் பாரபட்சம் வந்துவிடுமாம். அரங்கத்தில் திரை கட்டி, துணைவேந்தர் வந்து, ‘இன்று நாம் வேலை இழக்கவில்லை, அறிவைப் பெறுகிறோம்’ என்று பேசிவிட்டு விசையை அழுத்தினார். குடுவையின் எண் சோதனைக் குழுவில் விழுந்தது. அவர் மனைவியின் எண் ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அவள் திரும்பி இவரைத் தேடினாள். இவர் ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

“ஒருத்தருக்காவது இருக்கே,” என்றாள் வீட்டுக்கு நடக்கும்போது.

“அதான்,” என்றார் அவர்.

தரவு சேகரிக்க ஓர் ஆய்வு மாணவி வந்தாள். ஒடிசலான பெண். கையில் கேள்வித்தாள், தோளில் எடை பார்க்கும் இயந்திரம். துயரத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்ல வேண்டும். ஐந்து என்றால் தாங்க முடியாத துயரம். ஆறு கிடையாதா என்று யாரோ கேட்டதற்கு, ஆறு கேட்பவர்கள் மிகைப்படுத்துபவர்கள், அவர்களை நீக்கிவிடுவோம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

“உங்க துயரம் எவ்வளவுண்ணா?”

குடுவை யோசித்தார். பொய் சொல்ல வராத மனிதர். “ரெண்டு போட்டுக்கம்மா.”

“ரெண்டா? வேலை போயிருக்கே?”

“அவ சம்பளம் வருதில்ல. இருக்கறதை வெச்சு ஓட்டறோம்.”

மாணவி சமையலறையை எட்டிப் பார்த்தாள். அடுப்பில் சோறு இருந்தது, தட்டில் மூன்று முட்டை இருந்தது. சங்கடத்தோடு குறித்துக்கொண்டாள்.

அந்த முட்டை பெரிய ரகளையைக் கிளப்பியது. ஆய்வுக் குழு அவசரமாகக் கூடியது. சோதனைக் குழுவின் வயிற்றுக்குள் ஒப்பீட்டுக் குழுவின் முட்டை போகிறது, இது அப்பட்டமான கலப்படம் என்று பேராசிரியர் கொதித்தார். வேலை போனவனை வேலையில் இருப்பவள் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் வேலை போனதன் விளைவை எப்படித்தான் அளப்பது? துணைவேந்தர் தன் வருத்தக் குரலை எடுத்தார்.

“குடும்பம்கிறது உயர்ந்த அமைப்பு. அதை நான் மதிக்கிறேன். ஆனா ஆய்வுக்கு அதைவிட இடைஞ்சலான ஒண்ணை நான் பார்த்ததில்லை.”

இப்படி இரண்டு குழுவிலும் ஆள் இருக்கும் வீடுகளில் கணவனும் மனைவியும் ஆய்வு முடியும்வரை பிரிந்து இருக்க வேண்டும் என்று முடிவானது. பணமோ பண்டமோ கைமாறக் கூடாது. மகள் எந்தக் குழு என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் பள்ளி நாட்களில் அப்பாவோடு சோதனைக் குழு, விடுமுறை நாட்களில் அம்மாவோடு ஒப்பீட்டுக் குழு என்று பிரித்தார்கள். குழந்தையின் நலனைக் கருதி எடுத்த முடிவு என்று அதைக் குறிப்பில் எழுதினார்கள்.

இதைச் சொல்ல நிர்வாகத்திலிருந்து யாரும் வரவில்லை. செயலாளரை அனுப்பினார்கள். இணை ஆய்வாளர் அல்லவா. அவர் நிலைப்படியிலேயே நின்றார்.

“நான் எங்கண்ணே போறது?” என்று கேட்டாள் குடுவையின் மனைவி.

“உங்க அக்கா வீடு இருக்கேம்மா. ஒரு பருவம்தானே.”

“வேலையை அவங்க எடுத்துக்கிட்டாங்க. வீட்டை நீங்க எடுத்துக்கறீங்களா?”

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “அத்தனை பேர் குடும்பமும் இதுலதாம்மா தொங்குது,” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அவள் உள்ளே போய்ப் பையில் துணி எடுத்துவைத்தாள். குடுவை பையின் அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தார்.

அக்கா வீடு நகரத்தின் மறுகோடியில் இருந்தது. வேலை போனவர்கள் வளைவுக்கு உள்ளே நுழையக் கூடாது என்று விதி இருந்ததால் பின்படிக்கட்டுச் சாப்பாடும் நின்றுபோனது. சாயங்காலம் அவள் பேருந்து ஏறும் நேரத்துக்கு அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நிற்பார். பேருந்து கிளம்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பது கலப்படமா இல்லையா என்று நெறிமுறையில் சொல்லப்படவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து இவர்களும் கேட்கவில்லை.

ஆய்வு சூடுபிடித்தது. குடுவை முதலில் தன் சைக்கிளை விற்றார். பிறகு மின்விசிறியை. வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் மாணவி வந்து குழந்தையை எடை பார்த்தாள். பள்ளி நாட்களில் இறங்கும் எடை, விடுமுறையில் அம்மாவிடம் போய் வந்ததும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஏறி இறங்கும் அந்தக் கோட்டைப் பார்த்துப் பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். தன் வாழ்நாளில் இவ்வளவு அழகான வரைபடத்தைப் பார்த்ததில்லை என்று சக பேராசிரியர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். குழந்தைக்கும் அந்த இயந்திரம் பிடித்திருந்தது. முள் நகர்வதைக் குனிந்து பார்த்துச் சிரிக்கும்.

இதற்கு நடுவில் குடுவைக்கு ஒரு வேலை வந்தது. தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கு வரும் சரக்கை அடுக்கிவைக்க நம்பிக்கையான ஆள் வேண்டியிருந்தது. சம்பளம் குறைவுதான். ஆனாலும் சோறு நிச்சயம். குடுவை சந்தோஷத்தில் கால் தரையில் படாமல் சங்க அலுவலகத்துக்கு ஓடினார். செயலாளர் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“நீ நல்லா இருந்தா நாம தோத்துடுவோம் குடுவை.”

“இல்லண்ணே, பாப்பா ரொம்ப இளைச்சுட்டா.”

“தெரியும். நம்ம கட்சிக்கு இருக்கிற பெரிய பலமே அதுதான். சொல்லவே வாய் கூசுது. ஆனா வேற என்ன பண்றது? இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோ. நீ இப்ப வேலைக்குப் போனா, பாத்தீங்களா, வேலை போனா இன்னொரு வேலை கெடைக்குதுன்னு எழுதிடுவாங்க. அத்தனை பேரையும் அனுப்பிடுவாங்க. உன் வீட்டுக்காரியையும் சேர்த்து.”

குடுவை மருந்துக்கடைக்குத் திரும்பிப் போய் வேண்டாம் என்றார்.

“வேலை வாங்கிக் குடுக்கிற சங்கம் கேள்விப்பட்டிருக்கேன். வர்ற வேலையைத் தடுக்கவும் ஒரு சங்கமா?” என்று கேட்டார் கடைக்காரர். மறுநாளே வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

ஒரு திங்கட்கிழமை மாணவி வந்தபோது குழந்தை புத்தகப்பையிலிருந்து ஓர் அவித்த முட்டையை எடுத்தாள். அக்கா வீட்டில் அம்மா இவளுக்குக் கொடுத்ததைத் தின்னாமல் அப்பாவுக்காகக் கொண்டுவந்திருந்தாள். பெருமையாக நீட்டினாள்.

“வேணாம்மா. அப்பா சாப்பிடக் கூடாது. நீ சாப்பிடு,” என்றார் குடுவை. சொன்ன பிறகுதான் அன்றைக்குப் பள்ளிநாள் என்பது உறைத்தது. “நீயும் இன்னிக்குச் சாப்பிடக் கூடாது.”

மூன்று பேரும் முட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ எந்தக் குழும்மா?” என்று குடுவை மாணவியைக் கேட்டார்.

“நான் எதுலயும் இல்லண்ணா.”

“காலைல சாப்பிட்டியா?”

அவள் கேள்வித்தாளைப் புரட்டினாள். அவளுக்கு வரவேண்டிய உதவித்தொகை நின்று வெகுநாள் ஆகியிருந்தது. குடுவை முட்டையை உரித்து அவள் கையில் வைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “துயரம் எவ்வளவுண்ணா?” என்று கேட்டாள். அவர் முதல்முறையாக ஐந்து என்றார்.

முடிவு வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. வேலை போனவர்களுக்கும் அன்று ஒருநாள் மட்டும் வளைவுக்குள் வர அனுமதி கொடுத்திருந்தார்கள். பேராசிரியர் திரையில் கோடுகளைக் காட்டினார். சோதனைக் குழுவின் துயரம் செங்குத்தாக மேலே போயிருந்தது. குழந்தைகளின் எடை கீழே வந்திருந்தது. ஒவ்வொரு கோடு சரியும்போதும் ஊழியர்கள் விசில் அடித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். செயலாளர் அழுதுகொண்டே சிரித்தார். கெட்டுப்போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குடுவை முன்னால் இருந்த வரிசைகளில் மனைவியின் பின்னந்தலையைக் கண்டுபிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். ஆனால் ஒரு சிக்கல் என்றார்.

“இந்தத் துயரம் வேலை போனதால வந்ததுன்னு உறுதியாச் சொல்ல முடியலை. ஆய்வுக்காலம் முழுக்க பல குடும்பங்கள்ல கணவனும் மனைவியும் பிரிஞ்சு இருந்திருக்காங்க. குழந்தைங்க அங்கேயும் இங்கேயுமா அலைஞ்சிருக்கு. வந்த வேலையையும் சிலர் வேணாம்னு சொல்லியிருக்காங்க. பிரிவுனால வந்த துயரம் எது, வேலை போனதால வந்த துயரம் எதுன்னு பிரிக்க முடியாது. அதனால வேலை இழப்பால தீங்கு உண்டுங்கறது நிரூபணம் ஆகலை.”

“பிரிச்சது நீங்கதானே,” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“ஆமாம். அந்தக் குறைபாட்டை ஆய்வுக் கட்டுரையிலேயே நேர்மையா ஒத்துக்கிட்டிருக்கோம்,” என்றார் பேராசிரியர்.

துணைவேந்தர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். தனக்கு இதில் வந்திருக்கும் வருத்தம் சொல்லி மாளாது என்றார். தீங்கு நிரூபணம் ஆகாததால் ஆட்குறைப்பைத் தொடர்வதைத் தவிர நிர்வாகத்துக்கு வேறு வழி விடப்படவில்லை என்றார். ஒப்பீட்டுக் குழுவின் பணியும் முடிந்துவிட்டதால் அவர்களும் நாளை முதல் விடுவிக்கப்படுவார்கள் என்றார்.

செயலாளர் எழுந்தார். மேடைக்கு ஓடி அந்தத் திரையைக் கிழித்திருக்கலாம். வாசலில் போய் உட்கார்ந்து வளைவை மறித்திருக்கலாம். தொடக்கத்திலேயே அதைச் செய்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால் இத்தனை நாள் அவர்களோடு பழகிப் பழகி, அவர் நாக்கில் அவர்களுடைய வார்த்தைதான் வந்தது.

“மாதிரி அளவு பத்தலை ஐயா. இன்னும் பெரிய அளவுல மறு ஆய்வு வேணும்.”

“நல்ல யோசனை,” என்றார் துணைவேந்தர் உடனே. “ஏத்துக்கறேன். இந்தத் தடவை ஊழியர்கள் எல்லாருமே சோதனைக் குழு. யாரையும் விடப்போறதில்லை.”

“அப்ப ஒப்பீட்டுக் குழு?” என்று கேட்டார் செயலாளர்.

துணைவேந்தர் மேடையில் இருந்த பதிவாளரையும் நிதி அலுவலரையும் பேராசிரியரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

“எவ்வளவு கஷ்டமா இருந்தாலும், அந்தப் பொறுப்பை நாங்க சுமக்கறோம்.”

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்தது. தரவரிசையில் பல்கலைக்கழகம் ஏறியது. வளைவின் விளக்கை மறுபடி போட்டார்கள்.

குடுவை விழா முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் மனைவி தெருவில் வருவது தெரிந்தது. அக்கா வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நேராக வந்திருந்தாள். இருவரும் அத்தனை நாளுக்குப் பிறகு ஒருவருக்கொருவர் கை எட்டுகிற தூரத்தில் நின்றார்கள். அவர் பையை வாங்கிக்கொண்டார். அவள் அவருடைய சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்து அவ்வளவு மெலிந்திருந்தது.

மகள் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் வந்தது.

“இன்னிக்குப் புதன்கிழமைம்மா. நீ வரக் கூடாது. அந்த எடை பாக்கிற அக்கா பார்த்தா எழுதிடுவாங்க.”

“இனிமே வரலாம்டா கண்ணு.”

“எப்படி?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

“எனக்கும் வேலை போயிடுச்சு.”

“நெஜமாவா? அப்ப நீ இங்கேயே இருப்பியா? திங்கட்கிழமைகூட?”

“ம்.”

குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அப்பாவை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், மருந்துக்கடை வாசலில் என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று சொல்லிக்கொண்டு போனாள்.

“எங்கம்மாவுக்கும் வேலை போயிடுச்சு. எங்கம்மாவுக்கும் வேலை போயிடுச்சு.”

அவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கூப்பிட்டு நிறுத்த இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.